நோவை அளக்கும் உரிமை: நோயாளர் இயக்கும் மருந்துப் பம்பியின் வரலாறு

ஒருவர் படும் நோவை மற்றொருவர் காணமுடியாது. காய்ச்சலின் அளவை வெப்பமானி காட்டும். குருதியின் அமுக்கத்தை அதற்கென அமைந்த கருவி காட்டும். நோவுக்கோ அதனை அனுபவிப்பவரின் சொல்லையன்றி வேறு சான்று இல்லை. அச்சொல்லை நம்புவதா, எவ்வளவு நம்புவதா என்னும் வினா மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் வைத்தியராலும் தாதியராலுமே தீர்க்கப்பட்டு வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு சிறு பொத்தானும் அதனோடிணைந்த ஒரு பம்பியும் இத்தீர்ப்பின் ஒரு பகுதியை நோயாளரின் கைக்கு மாற்றின. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அது எவ்வளவிற் பூரணமானது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்தும் பூட்டும்

அபினின் நோவகற்றும் ஆற்றல் பண்டைக்காலந்தொட்டே அறியப்பட்டிருந்தது. எனினும் அபினின் வீரியம் கட்டிக்குக் கட்டி வேறுபட்டமையால் அளவறிந்து கொடுத்தல் இயலாதிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் மருந்துக்கடை உதவியாளராகப் பணியாற்றிய பிரெட்ரிக் சேர்ட்டூர்னர் அபினிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மோர்பியசின் பெயரையொட்டி அதற்கு அவர் பெயரிட்டார். 1817 இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே மோர்பின் அறிஞர் கவனத்தை ஈர்த்தது. 1853 இல் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் வூட் தோலின்கீழ் ஊசிமூலம் மோர்பினைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். அளவிடத்தக்க மருந்தும் அதனைச் செலுத்தத்தக்க கருவியும் இவ்வாறு ஒரே நூற்றாண்டிற் கிடைத்தன.

ஆயினும் மருந்து கிடைத்தமையால் நோவு தீர்ந்துவிடவில்லை. ஊசியின் பரவலோடு மோர்பினுக்கு அடிமையாதலும் பரவியது. ஐக்கிய அமெரிக்காவில் 1914 ஆம் ஆண்டின் ஹரிசன் சட்டம் இம்மருந்துகளை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. ஏனைய நாடுகளும் தத்தம் வழியிற் கட்டுப்பாடுகளை விதித்தன. கட்டுப்பாடு தேவையானதே. ஆனால் அதன் நிழலில் வைத்தியசாலை விடுதிகளில் ஒரு வழக்கம் உருவாயிற்று. சத்திரசிகிச்சைக்குப் பின் “நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, தேவைப்படின்” என்று வைத்தியர் எழுதுவார். தேவை ஏற்பட்டுவிட்டதா என்பதைத் தாதி தீர்மானிப்பார். நோயாளர் நோவை உணர்ந்து அழைக்கவேண்டும், தாதி வரவேண்டும், நோவின் கடுமையை மதிப்பிடவேண்டும், பூட்டிய அலுமாரியைத் திறந்து, பதிவேட்டிற் கையொப்பமிட்டு, மருந்தை ஊசியில் ஏற்றித் தசையிற் செலுத்தவேண்டும், அது குருதியிற் கலக்கும்வரை நோயாளர் காத்திருக்கவேண்டும். விடுதியில் நோயாளர் பலரும் தாதியர் சிலரும் இருக்கும் நிலையில் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நோவுக்காலத்தை நீட்டியது.

இவ்வழக்கத்தின் விளைவை நியூயோர்க்கைச் சேர்ந்த மார்க்ஸ், சாக்கார் என்னும் இரு வைத்தியர்கள் 1973 இல் வெளிக்கொணர்ந்தனர். நோவகற்றும் மருந்து பெற்றுவந்த 37 நோயாளரை அவர்கள் விசாரித்தபோது, 32 சதவீதத்தினர் கடும் வேதனையிலும் மேலும் 41 சதவீதத்தினர் நடுத்தர வேதனையிலும் இருப்பது தெரியவந்தது. வைத்தியர்கள் மருந்தின் பயனுள்ள அளவைக் குறைத்தும், அடிமையாகும் ஆபத்தை மிகைப்படுத்தியும் மதிப்பிட்டமையே இதற்குக் காரணமென அவர்கள் காட்டினர். பூட்டப்பட்டிருந்தது அலுமாரி மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும்.

அளவுகோலாகப் பிறந்த கருவி

நோவு என்பது காயத்தின் அளவைப் பொறுத்தது என்ற கருத்து இரண்டாம் உலக யுத்தகாலத்திலேயே ஆட்டங்கண்டது. இத்தாலியப் போர்முனையிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியரான ஹென்றி பீச்சர், படுகாயமுற்ற படைவீரரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நோவகற்றும் மருந்து வேண்டுமா எனக் கேட்கப்பட்டபோது வேண்டாமென்றதை 1946 இல் எழுதினார். அவர்களினும் சிறிய காயமுடைய சத்திரசிகிச்சை நோயாளரில் மிகப் பெரும்பாலானோர் மருந்து கோரியதைப் பின்னர் அவரே எடுத்துக்காட்டினார். போர்முனையிலிருந்து உயிருடன் மீண்டவனுக்குக் காயம் விடுதலையாயிற்று. மற்றவருக்கோ அது துன்பத்தின் தொடக்கமாயிற்று. ஆகவே காயத்தைப் பார்த்து நோவை அளத்தல் இயலாது என்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின் எதனைக் கொண்டு அளப்பது? அமெரிக்க மயக்கமருந்து நிபுணரான பிலிப் செக்சர் 1968 இல் இதற்கோர் எளிய விடை கண்டார். நோவு மிகும்போது நோயாளர் பொத்தானை அழுத்துவார். அழுத்தியதும் சிறிதளவு மருந்து நேரே நாளத்திற் செலுத்தப்படும். நோவு குறைய அழுத்துதலும் குறையும். அழுத்திய தடவைகளை எண்ணினால் அதுவே நோவின் அளவாகும் என்பது அவர் கருத்து. அவர் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரையின் தலைப்பும் நோவைப் புறநிலையில் அளத்தல் பற்றியதே. முதலில் நோயாளரின் அழைப்புக்கிணங்கத் தாதியே மருந்தைச் செலுத்தினார். 1971 இல் அவர் விவரித்த முறையில் அவ்விடத்தை இயந்திரம் பெற்றது.

இங்கு மனங்கொள்ளத்தக்க உண்மை ஒன்றுண்டு. பின்னாளில் நோயாளருக்கு அதிகாரமளித்த கருவியெனப் போற்றப்பட்ட இது, தோற்றத்தில் ஆய்வாளரின் அளவுகோலாகவே அமைந்தது. நோயாளரின் சொல்லை விலக்கிவிட்டு எண்ணைப் பெறும் முயற்சியே, இறுதியில் அவர் சொல்லுக்கு மதிப்பளிக்கும் வழியாயிற்று. அளப்பதற்காகக் கையிற் கொடுத்த பொத்தான் ஆறுதலும் அளித்தது.

இக்கருத்து செக்சர் ஒருவருக்கே உரியதன்று. சிறுசிறு அளவில் நாளத்திற் செலுத்தப்படும் மருந்து, தசையிற் செலுத்தப்படுவதினும் சிறப்பாகப் பயன்தருவதைக் கலிபோர்னியாவில் பென்சன் ரோ என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1963 இலேயே எடுத்துக்கூறியிருந்தார். 1970 இல் அமெரிக்காவில் போரஸ்ட் குழுவினரும், 1971 இல் கனடாவிற் கீரி சாந்தோவும் தத்தம் கருவிகளை விவரித்தனர். எனினும் ஆய்வுகூடத்திலிருந்து சந்தைக்கு முதலில் வந்த கருவி வேல்ஸ் நாட்டின் கார்டிவ் நகரத்துக்குரியது. அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் மைக்கேல் ரோசன், எவன்ஸ் முதலியோர் பிரசவ வேதனையுறும் தாய்மார் பெதிடின் மருந்தைத் தாமே பெறத்தக்க கருவியொன்றை அமைத்து 1976 இல் வெளியிட்டனர். ‘கார்டிவ் பல்லியேற்றர்’ என்பது அதன் பெயர்.

பூட்டுநேரமும் அதன் தத்துவமும்

அடிமைப்படுத்தக்கூடிய மருந்தை நோயாளரின் விரலுக்கு ஒப்படைப்பது எங்ஙனம் பாதுகாப்பாகும்? இவ்வினாவுக்குக் கருவியின் அமைப்பே விடையளித்தது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கிடைக்கும் மருந்து மிகச் சிறிது. மோர்பினாயின் வழமையாக 1 மில்லிகிராம். ஒருமுறை மருந்து சென்றபின் 5 முதல் 10 நிமிடம்வரை எத்தனைமுறை அழுத்தினும் பம்பி இயங்காது. இதனைப் பூட்டுநேரம் எனலாம். முன்னர் அலுமாரியிலிருந்த பூட்டு இப்போது காலத்தின் பூட்டாக இயந்திரத்துள் அமைந்தது. அளவையும் இடைவெளியையும் வைத்தியர் வகுப்பார்; அவ்வெல்லைக்குள் வேண்டிய வேளையை நோயாளர் தெரிவார்.

இதனினும் நுட்பமான காவல் ஒன்று நோயாளரின் உடலிலேயே உண்டு. இம்மருந்துகள் மிகுந்தாற் சுவாசம் தளர்ந்து உயிருக்கு ஆபத்து நேரும். ஆனால் பொதுவாக அந்நிலைக்கு முன்னரே உறக்கம் வரும். உறங்குபவர் பொத்தானை அழுத்தார். எனவே நோயாளரின் விழிப்பே இக்கருவியின் தலையாய பாதுகாப்பாகும்.

இம்முறைக்கான விஞ்ஞான ஆதாரத்தை 1980 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒஸ்ரின், ஸ்ரேபிள்ரன், மாதர் ஆகியோர் வழங்கினர். ஒரேயளவு பெதிடினைத் தசையிற் செலுத்தியபோதும் குருதியில் அதன் செறிவு ஆளுக்காள் பெரிதும் வேறுபட்டது. நோவகலத் தேவையான மிகக் குறைந்த செறிவும் ஆளுக்காள் வேறுபட்டது. நான்கு மணித்தியால இடைவெளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நேரமே மருந்து தேவையான செறிவுக்குமேல் நின்றது. யாவர்க்கும் பொதுவான அளவென்று ஒன்றில்லையாயின், தனக்குரிய அளவை அறியக்கூடியவர் நோயாளர் ஒருவரே என்பது இதன் முடிபு. 1984 இல் இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்திலுள்ள லீட்ஸ் கோட்டையில் இத்துறையின் முதலாவது சர்வதேசக் கருத்தரங்கு கூடியது. நுண்கணிப்பொறி பொருத்திய பம்பிகள் அத்தசாப்தத்தில் வைத்தியசாலைகள் பலவற்றிற் பரவின.

நம்பிக்கையின் எல்லைகள்

எனினும் இவ்வரலாற்றை வெற்றி வரலாறாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. நோயாளர்மீது கொண்ட பரிவினால் உறவினரோ தாதியோ அவருக்காகப் பொத்தானை அழுத்தியபோது, உறக்கம் என்னும் காவல் தகர்ந்தது; உறங்குபவருக்கும் மருந்து சென்றது. இதனால் விளைந்த கேடுகளையிட்டு அமெரிக்க வைத்தியசாலைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டாணைக்குழு 2004 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது. பம்பியிற் செறிவைத் தவறாகப் பதிந்தமையாலும் உயிர்கள் இழக்கப்பட்டன. இயந்திரம் தாதியின் நடையைக் குறைத்ததேயன்றி அவர் கண்காணிப்பின் தேவையைக் குறைக்கவில்லை. 2015 இல் வெளியான, 49 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடொன்று, இக்கருவியைப் பயன்படுத்தியோரின் நோவு ஓரளவே குறைந்ததையும், அவர்கள் பெற்ற மருந்து சற்று மிகுந்ததையும், அவர்களின் திருப்தி உயர்ந்திருந்ததையும் காட்டியது. குறைந்த நோவைவிடக் கூடிய திருப்தி எதனைச் சுட்டுகிறது? காத்திருந்து இரக்கும் நிலை நீங்கியமையும் ஒரு நிவாரணமே எனலாம்.

மற்றோர் எல்லை அடிமையாதல் பற்றியது. 1980 இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் போர்ட்டர், ஜிக் ஆகியோர் ஐந்தே வசனங்கொண்ட கடிதமொன்றை எழுதினர். வைத்தியசாலையில் இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரே அடிமையானதற்குத் தக்க சான்று உண்டென்பது அதன் சாரம். வைத்தியசாலையின் கண்காணிப்புக்குள், குறுகிய காலத்துக்குரிய செய்தி அது. ஆனால் வீட்டில் நெடுங்காலம் உட்கொள்ளும் மாத்திரைகளுக்கும் அதுவே சான்றாகக் காட்டப்பட்டது. 1990 களிலிருந்து வட அமெரிக்காவிற் பெருகிய மருந்தடிமை அவலத்துக்கு இத்திரிபும் துணைபோயிற்று. அக்கடிதம் 608 தடவை மேற்கோளாக எடுத்தாளப்பட்டதையும், எடுத்தாண்டவர்களுள் ஐந்தில் நான்கு பங்கினர் அது வைத்தியசாலை நோயாளரைப் பற்றியது என்பதைக் குறிப்பிடாததையும் 2017 இல் அதே சஞ்சிகை வெளியிட்ட ஆய்வு காட்டியது. பம்பியில் நோயாளர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கைக்கு அளவும் நேரமும் கண்காணிப்பும் எல்லைகளாயின. மாத்திரையில் அவ்வெல்லைகள் நீங்க, நம்பிக்கை வணிகத்தின் கருவியாயிற்று. முன்னைய மிகையச்சமும் பின்னைய மிகைத்துணிவும் ஒரே குறையின் இரு முகங்கள்: இரண்டுமே எதிரிலுள்ள நோயாளரை நோக்கவில்லை.

முடிவுரை

அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் மருந்து புதிதன்று, ஊசியும் புதிதன்று. தீர்மானிக்கும் அதிகாரம் இடம்மாறியமையே புதிது. அதுவும் முழு உரிமையாகவன்றி, பிறர் வகுத்த எல்லைக்குள் அமைந்த உரிமையாகவே வந்தது. கைக்குழந்தைக்கும், நினைவிழந்தவர்க்கும் அவ்வுரிமை இன்றுமில்லை. அவர்களுக்காக நோவை அறியவேண்டிய கடமை வைத்தியருக்கும் தாதியருக்கும் எஞ்சியே உள்ளது.

உலகளாவிய நிலையோ இதனினும் கவலைக்குரியது. உலக மக்களில் வறிய அரைப்பங்கினர் வாழும் நாடுகளுக்கு, விநியோகிக்கப்படும் மோர்பின் வகை மருந்தில் ஒரு சதவீதமே சென்றடைவதாக 2017 இல் லான்செற் ஆணைக்குழு அறிவித்தது. பொத்தானை நோயாளர் கையிற் கொடுப்பதா என்று ஒருசாரார் ஆராய்ந்த காலத்தில், பொத்தானின் மறுமுனையில் மருந்தே இல்லாத விடுதிகளிற் கோடிக்கணக்கானோர் கிடந்தனர். நோவை அளக்கும் உரிமை நோயாளருக்குரியது என்பதை விஞ்ஞானம் நிறுவிவிட்டது. அவ்வாறு அளந்து சொன்னவருக்கு மருந்தை வழங்கும் பொறுப்பு சமூகத்தினுடையது; அப்பொறுப்பு இன்னும் நிறைவேறவில்லை.