கொல்லன் மகன் தந்த கொடை

வைகறையில் அம்பர்நாத் நிலையத்தில் மின்சார வண்டியேறி மும்பைக்குப் பணிக்குச் செல்வோர் நம் குடியிருப்பில் பலர். ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கோ அவ்வண்டியே வாழ்வு. அது கால்மணி தாமதித்தால் முணுமுணுக்கின்றோம். அதனை இழுத்துச் செல்லும் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனையடுத்த நியூயிங்டனில் ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பாரடே பிறந்தார். எழுத்தும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளிப்படிப்பு நின்றது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர், கட்ட வந்த நூல்களையெல்லாம் ஆவலோடு படித்தார். 1812-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞரின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, அதனைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியின் உதவியாளரானார்.

அங்கு அவர் ஆராய்ந்த பொருள்களுள் நம் நாட்டு உருக்கும் ஒன்று. சேலம் முதலிய இடங்களில் நம் கொல்லர்கள் மண்மூசையில் உருக்கியெடுத்த, மேனாட்டார் ‘ஊட்ஸ்’ என்றழைத்த எஃகின் இரகசியத்தை 1819-இல் அவர் தேடினார். கொல்லன் மகன் நம் கொல்லரின் கைத்திறனை வியந்து ஆராய்ந்தது நாம் மகிழத்தக்க செய்தியன்றோ!

காந்தத்தைச் சுற்றி மின்கம்பி சுழலுமாறு 1821-இல் அவர் செய்து காட்டினார்; மின்மோட்டாரின் வித்து அதுவே. பின்பு 1831 ஆகஸ்டு 29-இல் ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பி சுற்றினார். ஒரு சுற்றில் மின்சாரத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மறுசுற்றில் கணநேரம் மின்சாரம் தோன்றக் கண்டார். அக்டோபரில் காந்தத்தைக் கம்பிச்சுருளுள் நுழைத்தும் வெளியே எடுத்தும் மின்சாரம் பெற்றார். காந்தம் அசையாதிருப்பின் மின்சாரமில்லை. மாறுதலே அதற்கு மூலம். மின்னாக்கியும் மின்மாற்றியும் இவ்வுண்மையிலிருந்தே பிறந்தன.

இனி, நம் இருப்புப்பாதைக்கு வருவோம். 1915-இல் கோபோலியில் டாட்டா நிறுவனத்தார் மலைநீரின் வீழ்ச்சியால் மின்னாக்கிகளைச் சுழற்றிப் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் அளித்தனர். 1925 பிப்ரவரி 3-இல் இந்தியாவின் முதல் மின்சார ரயில், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடிற்று. 1930-க்குள் நம் அம்பர்நாத் வழியே பூனா வரை மின்கம்பி நீண்டது. அந்நாளைய 1,500 வோல்ட் நேர்மின்சாரம் படிப்படியாக 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக்கப்பட்டு, மும்பைப் பகுதியில் 2016-இல் அப்பணி நிறைவெய்தியது.

இவ்வுயர் மின்னழுத்தத்தைக் குறைக்க இன்று வண்டியிலேயே மின்மாற்றி உள்ளது. பாரடேயின் இரும்பு வளையமே உருமாறி நம்மோடு பயணம் செய்கிறது எனலாம்! வண்டி வேகம் குறைக்கையில் மோட்டாரே மின்னாக்கியாகி மின்சாரத்தை மேற்கம்பிக்குத் திருப்பியளிக்கிறது. 1821-உம் 1831-உம் ஒரே சக்கரத்தடியில் கைகோத்து நிற்கின்றன.

பாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. தாம் மனக்கண்ணால் கண்டவற்றைக் காந்தக் கோடுகளாக விளக்கினார். அவற்றுக்கு மாக்ஸ்வெல் 1865-இல் கணித வடிவம் தந்தார். வானொலியும் கைபேசியும் அவ்வழியில் வந்தவையே. சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாமென்ற பாரடே, கிறிஸ்துமஸ் காலச் சொற்பொழிவுகளைச் சிறுவர்க்காகப் பத்தொன்பது முறை நிகழ்த்தினார். 1867-இல் மறைந்தார்.

மெட்ரிகுலேஷனோடு நின்ற நம் போன்றோர், “நமக்கு அவ்வளவுதான்” என்று கூறிக்கொள்கின்றோம். அதைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளும், “எனக்குக் கணக்கு வராது” என்று புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அவர்களுக்காக நம் சங்கத்தில் ஓர் அலமாரி நிறைய அறிவியல் நூல்களும், அருகே ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும் வைப்போம். தொட்டுப் பார்க்கும் கைகளுள் ஒன்று நாளை எதைக் கண்டறியும் என்று யாரே அறிவார்!