துப்பாக்கியைக் கீழே வைத்த பறவை அன்பர்

பறவைகளைச் சுட்டு வீழ்த்துவதில் மகிழ்ந்த ஒருவர், பின்னாளில் அவற்றைக் காண்பதிலேயே நிறைவு பெற்ற வரலாறு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. அவர் பெயர் பீட்டர் ஸ்காட். தென்துருவப் பயணத்தில் 1912ஆம் ஆண்டு உயிர்நீத்த கேப்டன் ஸ்காட்டின் ஒரே மகன் அவர். பனிக்கூடாரத்தில் இறுதி நாள்களில் மனைவிக்கு எழுதிய மடலில், மகனுக்கு இயற்கையின்பால் ஈடுபாட்டை உண்டாக்குமாறு தந்தை வேண்டியிருந்தார். அப்போது குழந்தைக்கு இரண்டரை வயது.

தந்தையின் விருப்பம் நிறைவேறியது. எனினும் அது வேட்டையின் வழியாகவே நிறைவேறியது. கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில் பீட்டர், கிழக்குக் கரையின் சதுப்பு நிலங்களுக்கு விடியலுக்கு முன்பே சென்று, கடுங்குளிரில் காட்டு வாத்துகளின் வரவுக்காகக் காத்துக் கிடப்பார். தட்டையான படகில் பெரிய துப்பாக்கியைப் பொருத்தி, ஒரே வெடியில் பல பறவைகளை வீழ்த்தும் முறையும் அவருக்குக் கைவந்திருந்தது.

1933இல் அவர் நீன் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த பழைய கலங்கரை விளக்கம் ஒன்றில் குடியேறினார். பகலில் வேட்டையாடிய அதே பறவைகளை அங்கே ஓவியமாகத் தீட்டினார். உயிருடன் வளர்க்கவும் செய்தார். நீர்ப்பறவை வேட்டையில் துப்பாக்கி வெடிப்பது நொடிப்பொழுது. எஞ்சிய நேரமெல்லாம் காற்றின் திசையை அறிதல், குரலைக் கொண்டு இனத்தைப் பிரித்துணர்தல், வானத்தை நோக்கியிருத்தல் ஆகியவற்றிலேயே கழியும். அவர் உள்ளத்தை ஈர்த்ததும் ஓவியத்தில் நிலைத்ததும் அந்த நெடிய காத்திருப்பில் கண்ட காட்சிகளே. ஆயினும் அன்பும் கொலையும் ஒரே நெஞ்சில் பல்லாண்டுகள் உடன் வாழ்ந்தன.

இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பிய அவர், 1946இல் செவர்ன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் ஊரில் நீர்ப்பறவைகளுக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அதன் பின்னரும் வேட்டை உடனே நின்றுவிடவில்லை. 1950களின் தொடக்கத்திலேயே அவர் துப்பாக்கியைத் துறந்தார்.

அவர் மனத்தை அசைத்த நிகழ்ச்சியைத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். குண்டடிபட்ட வாத்து ஒன்று, இரு கால்களும் முறிந்த நிலையில், எவரும் கால் வைக்க இயலாத சேற்றுவெளியில் விழுந்தது. மறுநாளும் அது உயிருடன் அங்கேயே கிடந்தது. பகைவனுக்கும் நேரக்கூடாத அத்துன்பத்தைத் தமக்குப் பகையல்லாத ஓர் உயிருக்கு இழைக்க மனிதனுக்கு என்ன உரிமை என்னும் வினா அவருள் எழுந்தது. அவரை மாற்றியது பிறர் கூறிய அறிவுரையன்று. கண்ணெதிரே கிடந்த ஓர் உயிரின் வேதனை.

அவருடைய அறக்கட்டளை, அழிவின் விளிம்பில் இருந்த ஹவாய்த் தீவு வாத்தினத்தைப் பேணியது. ஏறத்தாழ முப்பதே எஞ்சியிருந்த அவ்வினத்திலிருந்து 1950இல் இரண்டு பறவைகள் வருவிக்கப்பட்டன. இரண்டுமே முட்டையிட்ட பின்னரே அவை பெண் பறவைகள் என்பது தெரிந்தது. பின்னர் ஓர் ஆண் பறவை வந்து சேர்ந்தது. அவற்றின் வழித்தோன்றல்கள் 1962இல் ஹவாய்க்கே திரும்பின.

1964 முதல், ரஷ்யாவின் வடகோடியிலிருந்து குளிர்காலத்தில் வந்த பியூயிக் அன்னங்கள் அவர் வீட்டுச் சாளரத்தின் முன்னிருந்த குளத்தில் தங்கலாயின. அவற்றின் அலகில் மஞ்சளும் கருமையும் அமைந்த விதம் ஒன்றற்கொன்று வேறுபடுவதை அவர் கண்டார். ஒவ்வோர் அலகையும் வரைந்து, ஒவ்வோர் அன்னத்துக்கும் பெயரிட்டார். எந்த இணை மீண்டும் வந்தது, எது குஞ்சுகளுடன் வந்தது, எது துணையை இழந்து தனித்து வந்தது என்பதெல்லாம் ஆண்டுதோறும் பதிவாயின. பின்னர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற அவ்வன்னங்களில் பலவற்றின் உடலில் ஈயக் குண்டுகள் பதிந்திருப்பது தெரியவந்தது.

துப்பாக்கியின் வழியே நோக்கியவருக்கு அது ஒரு பறவைக் கூட்டம். அதனைக் கீழே வைத்தபின் கூட்டம் கலைந்து, தனித்தனி உயிர்களாகத் தோன்றிற்று. 1989இல் மறைந்த பீட்டர் ஸ்காட், தம் இளமைக்கால வேட்டையை மறைத்ததும் இல்லை. வேட்டையாடுவோரை இகழ்ந்ததும் இல்லை. அவர் விட்டது துப்பாக்கியை மட்டுமே. விடியற்காலை வானத்தை நோக்கிக் காத்திருக்கும் இன்பம் இறுதிவரை அவரிடம் குறையாமல் இருந்தது.