பெயரேடும் பூட்டும்

மாத்தளை நகரின் வடபால் அலுவிகாரைக் குகைகள் உள்ளன. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகம் ஓலையில் எழுதப்பெற்றது அங்கேயே என்பது மரபு. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயப் படை ஒடுக்கியபோது அங்கிருந்த ஏடுகளிற் பெரும்பகுதி அழிந்தது. அன்று ஏட்டை அழிக்கப் படையே வரவேண்டியிருந்தது. இன்றோ, ஏடு இருக்க, அதனிடம் செல்லும் வழியை மட்டும் மறைத்துவிடலாம்.

எவ்வாறு? கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. மனிதர் இணையத்தளங்களைப் பெயரால் அறிகின்றனர். இரண்டையும் இணைக்கும் பட்டியலைத் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனம் ஒன்றே பேணியது. வலை பெருகவே, 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் அப்பணியைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். வீட்டு ரவுட்டர் எந்தப் பெயரேட்டைக் கேட்க வேண்டும் என்பதை வீட்டாரே குறிக்கலாம். ஆபாசத் தளங்களின் பெயர்களுக்கு விடை தராத ஏட்டைக் குறித்துவிட்டால், அவ்வீட்டுச் சிறுவர்க்கு அத்தளங்கள் எளிதில் அகப்படா. பெற்றோர் நாடுவது இப்பூட்டையே. அதிற் குற்றமில்லை.

ஆயின் பூட்டு அரசின் கையில் இருந்தபோது நடந்ததென்ன? 2007இல் தமிழ்நெட் தளம் இலங்கையில் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில், அயலிலுள்ள கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வெறுப்பைப் பரப்பியோருக்கு இடப்பட்ட பூட்டின் முன், உறவினரின் நலம் விசாரிக்க முயன்றோரும் நின்றனர். 2022 ஏப்ரல் 3ஆம் நாள், விலையேற்றத்தையும் மின்வெட்டையும் எதிர்த்து மக்கள் திரண்ட வேளையில் மீண்டும் தடை வந்தது. மக்கள் எதிர்ப்பின் நடுவே அன்றே நீங்கியது.

அரசைக் கண்டிக்கும் நாம் நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். மகனின் கைத்தொலைபேசியில் மொபைல் டேட்டா உண்டு. ரவுட்டரின் பூட்டு அவனை அணுகாது. வீட்டு இணைப்பையே நம்பியிருக்கும் மகள்தான் அடைபடுகிறாள். ஆபாசத்துக்கென இட்ட பூட்டு, நாளடைவில் அரசியலுக்கும் உடலறிவுக்கும் நீளுமாயின் அதைப் பாதுகாப்பு என்பது எங்ஙனம்?

ஆகவே பூட்டுவோர் ஒரு கடமையை ஏற்க வேண்டும். எதை அடைத்தோம், ஏன் அடைத்தோம், எந்த வயதில் திறப்போம் என்பதைப் பிள்ளைகளிடம் முன்னரே சொல்ல வேண்டும். அரசிடம் இதே கணக்கைக் கேட்கும் துணிவு, வீட்டில் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கே வரும்.