உடைந்த வணரித்தண்டு உணரியை அகற்றல்

வணரித்தண்டு உணரி (கிராங்க் சென்சார்) என்பது கார் எஞ்சினின் வணரித்தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பதை அறியும் கருவி ஆகும். பெரும்பாலான கார்களில் இது விரல் பருமனுள்ள நெகிழி உருளையாக எஞ்சினில் உள்ள துளை ஒன்றில் செருகப்பட்டு, ஒரே ஒரு மரையாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். பழுதான உணரியைக் கழற்றும்போது தலை மட்டும் முறிந்து கையோடு வர, அடிப்பகுதி துளைக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அத்துண்டு உள்ளே விழுந்தால், சிறு பழுது எஞ்சினைப் பிரிக்கும் வேலையாக மாறிவிடும்.

பணி

வணரித்தண்டுடன் சேர்ந்து சுழலும் பல் சக்கரம் ஒன்று உணரியின் முனைக்கு மிக அருகில் ஓடுகிறது. பரவலாக உள்ள வகையில் 60 பற்களுக்கான இடம் இருக்கும்; இரண்டு பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டு 58 மட்டும் இருக்கும். ஒரு பல்லுக்கு 6 பாகை. இடைவெளி கடக்கும் கணத்தைக் கொண்டு எஞ்சின் கணினி தண்டின் நிலையை அறிகிறது. இந்தத் தகவல் கிடைக்காவிட்டால் பல கார்களில் எஞ்சின் உயிர்பெறாது.

பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஜி. டி. நாயுடு 1920இல் பேருந்து ஓட்டத் தொடங்கிய காலத்தில் இத்தகைய சிக்கலே இல்லை. தீப்பொறியின் நேரத்தை இயந்திர அமைப்பே தீர்மானித்தது. இந்தியாவில் 2000 ஏப்ரலில் புகை விதிகள் இறுகிய பின்னரே, கணினியால் இயங்கும் எரிபொருள் தெளிப்பும் அதற்கான உணரிகளும் பெட்ரோல் கார்களில் பரவலாயின.

சிக்கிக்கொள்வதன் காரணம்

உணரியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் எண்ணெயிலும் சூட்டிலும் உப்பி இறுகுகிறது. அலுமினியத் துளையில் வெண்ணிற அரிப்புப் படிவம் சேர்ந்து நெகிழியை நெருக்குகிறது. பல ஆண்டுச் சூட்டில் நெகிழியும் மொறுமொறுப்பாகிவிடும். இந்நிலையில் நெம்புகோலால் ஒரு பக்கமாக நெம்பினால் தலை முறிவது ஏறக்குறைய உறுதி. மரையாணியைக் கழற்றியபின் ஊடுருவும் எண்ணெய் தெளித்து, சில மணி நேரம் ஊறவிட்டு, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பி இழுப்பதே நல்லது.

முறிந்த பின்

முதலில் அறிய வேண்டியது துளையின் மறுமுனை எங்கே திறக்கிறது என்பது. கிளட்ச் உறைக்குள் திறந்தால், விழும் துண்டைக் கியர் பெட்டியை இறக்கி எடுக்கலாம். வணரிப் பெட்டிக்குள் திறந்தால் எண்ணெய்த் தொட்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். துண்டு உள்ளே இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பது பெருந்தவறு. மின்கலத்தின் எதிர்முனையை முன்பே கழற்றிவிடுதல் இதைத் தடுக்கும்.

எஞ்சிய நெகிழியின் நடுவில் சிறு துளையிட்டு, தானே மரை வெட்டும் திருகாணியை ஏற்றி, அதன் தலையைக் குறடால் பிடித்து நேராக இழுப்பது வழக்கமான முறை. துளையிடும் அலகில் கிரீஸ் பூசினால் துருவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆழமாகத் துளையிடலாகாது: பல உணரிகளின் உள்ளே நிலைக்காந்தம் உண்டு, அலகு அதில் முட்டினால் துண்டு உள்ளே தள்ளப்படலாம். நெகிழித் துண்டை எடுக்கக் காந்தக் கோல் பயன்படாது என்பதைப் பலர் உள்ளே விழுந்த பிறகே உணர்கின்றனர்.

சில வேளைகளில் முறிவது உணரியன்று, அதன் மரையாணி. கொங்குப் பகுதியில் பம்புசெட்டுகளுக்கும் விசைத்தறிகளுக்கும் வேலை செய்யும் லேத்துப் பட்டறைகள் ஏராளம். கோவையில் மட்டுமன்றித் தாராபுரம் போன்ற ஊர்களிலும் இவற்றைக் காணலாம். முறிந்த ஆணியின் மீது நட்டு ஒன்றைப் பற்றவைத்துத் திருகி எடுப்பது இத்தகைய பட்டறைகளின் பழைய உத்தி. காரில் இதைச் செய்யுமுன் எஞ்சின் கணினியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

புதியதைப் பொருத்துதல்

துளையின் படிவத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, ரப்பர் வளையத்தில் எஞ்சின் எண்ணெய் தடவி, உணரியைக் கையாலேயே முழுதும் அமர்த்த வேண்டும். மரையாணியை முறுக்கி உணரியை உள்ளே இழுத்தால் புதியதும் விரிசல் காணும். முனைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 1 மில்லிமீட்டர் அளவே என்பதால், துளை விளிம்பில் மீந்த அழுக்கும் குறிப்பலையைக் கெடுக்கும். சில கார்களில், புதிய உணரியைச் சோதனைக் கருவி மூலம் கணினிக்கு அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும்.