கடைசி எழுத்துக் கலாட்டா

1978. கம்ப்யூட்டரில் கடிதம், கதை, அறிக்கை எல்லாம் டைப் அடிக்க 'வேர்ட்ஸ்டார்' என்றொரு மென்பொருள் வந்தது. சேமூர் ரூபின்ஸ்டீனின் மைக்ரோப்ரோ நிறுவனம் வெளியிட்டது. ப்ரோகிராம் எழுதியவர் ராப் பார்னபி. சக்கைப்போடு போட்டது.

உள்ளே ஒரு வில்லங்கம் ஒளிந்திருந்தது. 'ஆஸ்கி' என்கிற பொது ஏற்பாட்டின்படி ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்க ஏழு பிட் போதும். ஒரு பைட்டிலோ எட்டு பிட். மிச்சமிருப்பதைச் சும்மா விடுவானேன்? வரிகளின் ஓரத்தைச் சீராக்க வசதியாக, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் அந்த எட்டாவது பிட்டில் ஓர் அடையாளம் போட்டுவைத்தது வேர்ட்ஸ்டார்.

சொந்த வீட்டுக்குள் இருக்கும்வரை சிக்கலில்லை. அதே ஃபைலை, 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் வேறொரு மென்பொருளில் திறந்தால்? ஆங்கில 'ஈ'யின் எண் 101. அடையாளம் சேர்ந்தால் 128 கூடி, 229. அந்த எண்ணில் ஐபிஎம் உட்காரவைத்திருந்தது கிரேக்க சிக்மாவை! நீங்கள் 'லவ்' என்று எழுதியிருந்தால் கடைசி 'ஈ' காணாமல் போய், சிக்மா பல்லிளிக்கும்.

மருந்து என்னவோ எளிமைதான். எட்டாவது பிட்டைப் பூஜ்யமாக்கும் குட்டி ப்ரோகிராம் போதும். ஆனால், அந்த ரகசியம் தெரிந்தவரால்தானே அதை எழுத முடியும்?

யோசித்துப் பாருங்கள். எழுதியது நீங்கள்தான். அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது மென்பொருள்காரருக்கு மட்டுமே தெரியுமென்றால், பெட்டி உங்களுடையது, சாவி அவருடையது. முக்கியமானவற்றுக்குச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரமாக இருப்பது வேறு, படிக்க முடிவது வேறு.