ஒரே மாதிரி, வேறு வேறு எண்கள்

ஆய்வகச் சீட்டில் உள்ள எண்ணை வேதவாக்காகக் கொள்கிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மன் என்னும் இருவர் ஒரே மாதிரிகளைப் பங்கிட்டு, பல மருத்துவமனை ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். குளுக்கோஸ், யூரியா, கால்சியம் போன்ற அன்றாட அளவீடுகள்தாம். 1947இல் வெளியான முடிவு திடுக்கிட வைத்தது: ஏற்கத்தக்க விடைகளைவிடத் தகாதவையே மிகுதி. இத்தகைய எண்களை நம்பித்தானே இன்சுலின் அளவு முடிவாகியிருக்கும்!

பரிகாரம் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்பதே எனக்கு வியப்பு. தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலைக்காக ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தை, 1950இல் லீவியும் ஜென்னிங்ஸும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தனர். பின்னர் எளிமையடைந்து இன்றும் வழங்கும் முறை இது: அளவு முன்பே தெரிந்த மாதிரியை நாள்தோறும் சோதித்து வரைபடத்தில் புள்ளியிடுவார்கள். புள்ளி எல்லை தாண்டினால், காரணம் தெரியும்வரை நோயாளிகளின் முடிவுகள் வெளியே போகா.