மின்சாரம் இல்லாத கிதார்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் என் அக்கா மகன் வீட்டிற்கு வந்திருந்தான். ஆறு ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிதார் வாசிப்பவன். வாடகை அறையில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாதிருக்க, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டே வாசித்துப் பழகியவன். "மாமா, பெங்களூரு போய் ஒரு அக்கூஸ்டிக் கிதார் வாங்கலாம்னு இருக்கேன். முதுகு ரோஸ்வுட்டா இருந்தாத்தான் நல்லா இருக்கும்ங்கறாங்க. அதுக்கு இன்னும் நாலு மாசம் பணம் சேர்க்கணும். காத்திருக்கட்டுமா?" என்றான். உடனே விடை சொல்ல இயலவில்லை. அக்கேள்விக்குள் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருப்பது பிறகுதான் விளங்கியது.

முதலில் அவன் விட்டு வரும் கருவியைப் பார்ப்போம். ஜார்ஜ் பீச்சம் 1931இல் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த கிதார் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. அதன் வடிவத்தைக் கண்டவர்கள் 'வாணலி' என்றே அழைத்தனர். காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அதிர்கிறது. சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. ஓசையை உண்டாக்கும் பொறுப்பிலிருந்து மரம் விடுவிக்கப்பட்டது அப்போதுதான்.

இவ்விடுதலை நம் இசைக்கு அளித்த கொடை சிறிதன்று. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினைக் கையாண்டதற்குக் காரணம் உண்டு. சாதாரண மாண்டலினில் மீட்டிய சுரம் நொடியில் தேய்ந்துவிடும். கமகத்துக்கோ நீளும் ஒலி வேண்டும். மின்சாரம் அந்த நீட்சியைத் தந்தது. எலக்ட்ரிக்கிலிருந்து அக்கூஸ்டிக்குக்கு வருபவர் முதலில் இழப்பதும் இந்த நீட்சியைத்தான். இரண்டாவது இழப்பு விரலுக்கு. எலக்ட்ரிக்கின் முதல் தந்தி பெரும்பாலும் 0.009 அல்லது 0.010 அங்குலத் தடிமன், அக்கூஸ்டிக்கில் 0.012 வழக்கம். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடையின் விசையோடு இழுக்கின்றன.

அந்த இழுவையைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள மேற்பலகை தாங்க வேண்டும். தாங்கியபடியே அதிரவும் வேண்டும். கிதார் வரலாறு முழுவதுமே இம்முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சிதான் என்பேன். ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) மேற்பலகையின் அடியில் விசிறி வடிவில் மெல்லிய சட்டங்களைப் பொருத்துவதைச் செம்மைப்படுத்தினார். இன்றைய கிளாசிக்கல் கிதார் அவ்வழி வந்தது. ஜெர்மனியிலிருந்து 1833இல் அமெரிக்கா சென்ற கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டினின் பட்டறையில் 1840களில் பெருக்கல் குறி வடிவச் சட்டங்கள் வந்தன. நரம்புத் தந்திக்காகப் பிறந்த அவ்வமைப்பு, பின்னாளில் எஃகுத் தந்தியையும் தாங்கிக்கொண்டது. 1916இல் பெரிய உடலுடன் ஒரு கிதார் வந்தபோது, அதற்குப் பிரிட்டிஷ் போர்க்கப்பலான டிரெட்நாட்டின் பெயரையே வைத்தனர். இன்று கடைகளில் அதிகம் தொங்குவது அவ்வடிவமே.

இனி ரோஸ்வுட். நெடுங்காலம் உயர்ந்த கிதார்களின் முதுகும் பக்கங்களும் பிரேசில் மரத்தால் ஆனவை. அம்மரம் அருகிப்போய், பிரேசில் அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறெதுவுமன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம், தோதகத்தி. பிரேசில் மரத்தின் வணிகம் 1992இல் உலக அளவில் தடைசெய்யப்பட்டது. தமிழ்நாடு ஈட்டி மரத்தைக் காக்க 1994இல் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரி முதல் அவ்வினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. நெடுங்காலம் நின்று முதிரும் மரம் இன்று அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

அத்தனை விலை கொடுத்து வாங்கும் அம்மரம் ஒலியில் என்ன மாற்றம் செய்கிறது? 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். முதுகு, பக்க மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிதார்களை, மரம் தெரியாதவாறு 52 கலைஞர்கள் வாசித்துப் பார்த்தனர். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பீட்டில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது மேற்பலகையே. முதுகின் பெருமையில் பெரும்பங்கு வழிவழி வந்த நம்பிக்கை.

மேற்கத்திய இசை இம்மண்ணுக்கு அந்நியமன்று. ஒசூரில் ஆலை கண்ட டைட்டனின் விளம்பரம் மொத்சார்ட்டின் 25ஆம் சிம்பொனியை நம் கூடங்களுக்குக் கொண்டுவந்தது. கன்னடத் திரையில் புகழ்பெற்ற ஜி.கே. வெங்கடேஷிடம் கிதார் கலைஞராகவும் உதவியாளராகவும் இருந்தவர் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி'க்கு முன்பே எல்லை கடந்த இசைப் பயிற்சி அவருக்கு வாய்த்தது. அக்கூஸ்டிக் கிதார் என்றதும் தமிழ்க் காது நாடுவது 1982இல் வந்த 'இளைய நிலா'வைத்தான்.

மறுவாரம் அவனிடம் சொன்னேன்: "காத்திருக்காதே. மேற்பலகை மட்டும் ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு ஸ்ப்ரூஸ் மரமாக இருக்கட்டும்; முதுகு எதுவானாலும் சரி. போர்க்கப்பல் வேண்டாம், சிறிய உடலாகப் பார். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். முதல் சில மாதங்களுக்கு 0.011 தந்தி போதும். நம்மூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். மாசி, பங்குனியில் காற்று வறண்டுவிடும். முழுமரப் பலகை வெடிக்காமலிருக்க வாசித்ததும் பெட்டியில் வைத்து மூடு."

வாங்கி வந்துவிட்டான். இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் விரல் நுனி சிவக்க வாசிக்கிறானாம். ஹெட்போன் இல்லாததால் இப்போது பக்கத்து அறைக்காரர்களுக்கும் அது கேட்கிறது. இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒருவர் மட்டும் 'இளைய நிலா' வருமா என்று கேட்டிருக்கிறார். ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறான்.